கரெக்ட் இல்லாத நாலு வீல்

என் வீட்டுக்காரரைச் சாகிறவரைக்கும் அந்த வண்டியை ஓட்டவிடாமல் செய்தது நீங்கள்தான். உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் நடத்தும் கண்காட்சியில் வண்டிகளுக்கு மார்க் போடுகிறவர் நீங்கள். படித்தால் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் இருக்கிறோம். என் மாமனார் சுரங்கத்தில் ஷாஃப்ட் வாயில் நின்று மணி அடிக்கிற வேலை பார்த்தவர். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் அவர் மணி அடித்தால்தான் நகரும். கேஜைத் தாங்குகிற இரும்புக் கயிற்றைச் சோதிக்க ஒருவர் வருவார். அவர் பார்த்துவிட்டு "கரெக்ட்" என்றால் மாமனார் மணி அடிப்பார். "கரெக்ட் இல்லை" என்றால் யாரும் ஏறமாட்டார்கள். ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ஏறினால் செத்துப்போவோம்.

சுரங்க அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுப் போனபோது மாமனாரிடம் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், துணிக் கூரை, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். தெருவில் அதற்குத் தொரை வண்டி என்று பேர். நான் கல்யாணமாகி வந்தபோதே அது கொட்டகையில் நாலு கருங்கல் மேல் நின்றது. டிரைவர் சீட்டில் கோழி முட்டை வைத்தது. காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டி வைத்த சைனைடு மேட்டு மண் வந்து எல்லாவற்றின் மேலும் படியும். துடைத்தது நான். ஒரு நாளும் அது ஓடிப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் மண் வாரும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். ரிடையர் ஆனதும் அந்த வண்டியில் இறங்கினார். இன்ஜினைப் பிரித்தார், சேர்த்தார், மறுபடி பிரித்தார். அது ஓடத் தொடங்கிய சமயத்தில் இவருடைய இதயம் ஓடமாட்டேன் என்றது. பாதிதான் வேலை செய்கிறது, பாரம் தூக்காதீர்கள், படி ஏறாதீர்கள் என்றார் டாக்டர். வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லவில்லை. நானே நேராகக் கேட்டேன். பக்கத்தில் மெதுவாக ஓட்டலாம் என்றார்.

"பேத்தமங்களா ஏரி வரைக்கும்மே. உன்ன பக்கத்துல உக்கார வெச்சு ஒரே வாட்டி. அது போதும் எனக்கு," என்றார் இவர்.

எனக்கும் அது வேண்டியிருந்தது. முப்பது வருஷமாகத் துடைத்த சீட் அது.

இன்ஜின் தயார், பிரேக் தயார். வீல்தான் இல்லை. வண்டியோடு வந்தது கம்பி வீல், சைக்கிள் மாதிரி கம்பி கோத்தது. துரு தின்று, கையால் அசைத்தாலே கம்பி ஒடிந்தது. அதற்குப் புதிது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அந்த வீலைத் தாங்குகிற ஹப்பைக் கழற்றினால் உள்ளே சாதாரண நாலு போல்ட் இருந்தது. பழைய இரும்பு வாங்குகிற கடையெல்லாம் அலைந்து, அந்தப் போல்ட்டுக்குச் சரியாக உட்காருகிற இரும்பு வீல் ஒரு செட் கொண்டுவந்தார். நான் மணல்தாள் போட்டுத் தேய்த்தேன். அவர் வெள்ளி பெயின்ட் அடித்தார்.

டயருக்கு ராபர்ட்சன்பேட்டைக்குப் போனோம். கடைக்காரர் ஓர் அகலமான டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, இத போடுங்க. வண்டி புலி மாதிரி நிக்கும்."

"நிக்கிறதுக்கு நாலு கல்லு வீட்லயே கீது. ஓடணும்ப்பா," என்றேன் நான்.

இவர் சிரித்துவிட்டு அதையே வாங்கிவந்தார். மாட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. "இன்னாங்க, புலி செவுத்த பிராண்டுது," என்றேன். மறுநாள் கொண்டுபோய் மாற்றினார். இந்த முறை டேப் வைத்து அகலம், உயரம் எல்லாம் அளந்துகொண்டு போனார். சின்னக் காருக்குப் போடுகிற ஒல்லி டயர் கிடைத்தது. உரசவில்லை. தெருப் பிள்ளைகள் கூடி நின்று பார்க்க, கல்லையெல்லாம் எடுத்தோம். வண்டி தரையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவு செய்தோம். ஏரிக்கரையில் சாப்பிடப் புளிசோறு கட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை நீங்கள் வந்தீர்கள். தொரை வண்டி ஒன்று உயிரோடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நண்பர்கள் இரண்டு பேரோடு வந்தீர்கள். நான் காபி கொடுத்தேன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டு அவர் தோளைத் தட்டினீர்கள். பிறகு முன்வீல் பக்கத்தில் குந்தினீர்கள். உங்கள் நண்பர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ, இன்னா சார் இது, தள்ளுவண்டி வீலா?" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தீர்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் கேட்டார்: "சார், இதுல ஓட்டலாமா?"

"சான்ஸே இல்ல. வீல் கரெக்ட் இல்ல. டயர் கரெக்ட் இல்ல. கம்பி வீல் வர்ற வரைக்கும் இத ரோட்ல எறக்காதீங்க. நானே சொல்லி வரவழைக்கிறேன்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டீர்கள். இவர் கொட்டகைக்குப் போய் ஜாக்கி எடுத்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"கேட்டல்ல? கரெக்ட் இல்லன்னுட்டாரு."

"அந்தாளு இன்னா டாக்டரா? நீங்க ஃபிட்டரு. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு இன்ஜின் தெரியும்மே. இந்த வண்டி வீலு அவருக்குத்தான் தெரியும். பாக்கவே வந்த ஆளு பாத்துட்டு வேணாம்னா, வேணாம். உன்ன வேற உக்கார வெச்சினு போவணுமே."

நான் கத்தினேன். புளிசோற்றுக்கு ஊறப்போட்ட புளியைக் கொல்லையில் கொட்டினேன். அவர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி டப்பாவில் போட்டார். இரவுக்குள் வண்டி மறுபடி கல் மேல் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு போன்தான். கம்பி வீல் கப்பலில் வருகிறது என்றீர்கள். சென்னையில் நிற்கிறது என்றீர்கள். வேறொருவருக்கு அவசரமாகப் போய்விட்டது, அடுத்த செட் வரும் என்றீர்கள். ஒவ்வொரு முறையும் அவர், "சரிங்க சார், பொறுமையா வரட்டும்," என்றார். போனை வைத்துவிட்டு மூச்சு வாங்குவார்.

மழைக்காலத்தில் அவரால் பஜார் வரை நடக்க முடியாமல் போனது. சாயங்காலம் கொட்டகைக்குப் போய் டிரைவர் சீட்டில் உட்காருவார். ஒரு நாள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்ஜினைப் போடவில்லை. ஸ்டீயரிங்கை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பினார். வீல் இல்லாத முன்பக்க அச்சு முனை இரண்டும் அந்தரத்தில் இடப்பக்கம் திரும்பின, வலப்பக்கம் திரும்பின.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

நீங்கள் துக்கம் கேட்க வந்தீர்கள். மாலை கொண்டுவந்தீர்கள், கண் கலங்கினீர்கள். நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அழுதுகொண்டிருந்த நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், அந்த இரும்பு வீல்ல ஓட்டியிருந்தா இன்னா ஆயிருக்கும்? கழண்டிருக்குமா? கவுந்திருக்குமா?"

"சேச்சே, ஆபத்தெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அருமையா மாட்டியிருந்தாரே. அந்த வண்டிய இரும்பு வீலோடயும் வித்தாங்க. கம்பி வீலுக்கு அப்போ தனியா காசு. நான் கரெக்ட் இல்லன்னு சொன்னது அழகுக்கு. காம்பெடிஷன்ல வெச்சா மார்க் கொறையும். அவ்ளோதான்."

அவ்வளவுதான். வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. அவர் உயிர் போகும் என்று பயந்து நிறுத்தினார். நீங்கள் மார்க் போகும் என்று சொன்னீர்கள். இரண்டுக்கும் ஒரே வார்த்தை.

அவர் காம்பெடிஷன் கேட்டாரா? ஓட்டலாமா என்றுதானே கேட்டார்? அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரும்பு வீலும் அந்த வண்டிக்கு உண்டு என்று அன்றைக்கே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?

தெருப் பையன்களை வைத்து அந்த நாலு வீலையும் நான் மறுபடி மாட்டிவிட்டேன். வண்டி தரையில் நிற்கிறது. ஓட்ட ஆள் இல்லை. உங்கள் நண்பர் எடுத்த வீடியோ இன்னும் போனில் சுற்றுகிறது. என் அக்கா மகன் எனக்கே அனுப்பினான். அதில் தள்ளுவண்டி வீலா என்று நீங்கள் கேட்பதும், இவர் சிரிப்பதும் இருக்கிறது. ஓட்டலாமா என்று இவர் கேட்பதை வெட்டிவிட்டீர்கள்.

அடுத்த கண்காட்சியிலும் நீங்கள்தான் மைக் பிடிப்பீர்கள். அந்த மைக்கில் சொல்லுங்கள். தங்கவயலில் ஒரு ஃபிட்டர் இரும்பு வீலும் ஒல்லி டயரும் தானே பார்த்து எடுத்துச் சரியாக மாட்டினார், அதில் அவர் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போயிருக்கலாம், நான்தான் தடுத்தேன் என்று சொல்லுங்கள். இல்லை, அந்த வீலில் வேறு கோளாறு இருந்தது என்றால் அது என்ன என்று சொல்லுங்கள். என்னிடம் தனியாக வந்து சொல்ல வேண்டாம். சிரித்தது எல்லோர் முன்னாலும்தானே? பதிலையும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.