சென்னப்பன் செதுக்கிய கட்டை

சித்தேரி மலையில் பெரியம்மாளை வாயாடி என்பார்கள். அந்த வாயாடி உண்மை பேச வேண்டிய ஒரே இடத்தில் அதை மறைத்துவிட்டாள். அதனால் புருசன் ஆண்டி தூக்குக்கயிறு வரைக்கும் போய்விட்டு வந்தான்.

ஆண்டிக்குச் சித்தம் கலங்கியிருந்தது. அப்படிப்பட்டவரின் காலை அங்கே துளையிட்ட மரக்கட்டையில் மாட்டி வைப்பார்கள். பக்கத்து வீட்டுச் சென்னப்பன்தான் கால் அதிகம் புண்ணாகாதபடி அதை இழைத்துச் செதுக்கிக் கொடுத்தான். சாமி ஊரைச் சுற்றும் நாளில் மாடுகூடக் கட்டிக் கிடக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மாட்டுக்கு உள்ளது மனுசனுக்கு இல்லையா என்று சென்னப்பனே கட்டையைக் கழற்றிவிட்டான். அவனைப் புலியென்று எண்ணி ஆண்டி கொடுவாளால் வெட்டிக் கொன்றுவிட்டான். ஐயோ, அந்தப் பாவத்தை என்னவென்று சொல்ல!

இது நடந்தது 1938இல். போலீஸ் வருமுன் பெரியம்மாள் கட்டையைச் சாமை வைக்கோலுக்குள் ஒளித்தாள். வீட்டில் மகள் இருந்தாள்; பைத்தியமென்று போலீஸே எழுதிவிட்டால் அவளை எவன் கட்டுவான்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "அவருக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருந்தாரு" என்று போலீஸிடம் சாதித்தாள்.

சேலம் கோர்ட்டில் ஆண்டிக்காக வாதாடிய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "புத்தி தெளிவா இருந்து வெட்டுனான்னா தூக்கும்மா!"

அதன்பிறகு பைத்தியந்தான் என்று கதறினாள். அன்றைக்கு ஒரு பேச்சு, இன்றைக்கு ஒரு பேச்சா என்று அரசாங்க வக்கீல் மடக்கினார்.

அடுத்துக் கூண்டேறியவள் செத்தவனின் பெண்சாதி சின்னக்கா. வைக்கோலுக்குள்ளிருந்து எடுத்து, மலையிலிருந்து சுமந்து வந்த கட்டையை எல்லாரும் பார்க்க இறக்கி வைத்தாள்.

"இவ ஒளிச்சத நான் பாத்தேங்க சாமி. இது எம் புருசன் செஞ்சது. அந்தாளு கால்ல தழும்பிருக்கும், பாருங்க. புத்தியிருந்தா எம் புருசன வெட்டியிருக்க மாட்டாரு."

டாக்டர் பார்த்தார். தழும்பு கட்டையின் துளையோடு பொருந்தியது. வெட்டியவன் இவன்தான், ஆனால் செய்வது இன்னதென்று அறியாமல் செய்தான் என்று ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். தூக்கு இல்லை; மதராஸ் பைத்திய ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் பார்க்கச் சொன்னார். பெரியம்மாள் ஜட்ஜுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஓடிப்போய்ச் சின்னக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

ஆறு வருஷம் கழித்து ஆண்டி தெளிந்து வந்தான். அதற்குள் மகளுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. பயந்ததெல்லாம் வீண்! பெரியம்மாள் அவனை முதலில் சின்னக்காவிடம்தான் கூட்டிப்போனாள்.

"எந்தச் சாமியும் எனக்கு இப்படிச் செய்யலடி. உனக்கு நான் என்னத்தக் குடுப்பேன்?"

சின்னக்கா ஆண்டியின் கால் தழும்பைப் பார்த்தாள்.

"கோர்ட்ல உங்கிட்ட திருப்பிக் குடுத்தாங்களே, அந்தக் கட்டைய எனக்குக் குடுத்துரு அக்கா. அவரு கைவேலைன்னு எங்கிட்ட வேற ஒண்ணுமில்ல."

ஆண்டியே அதைத் தோளில் சுமந்து வந்து அவள் வாசலில் இறக்கினான்.