ஏழு மணி சிரப்

அந்த மாதம் மில்லில் ஏற்கெனவே இரண்டு லீவு போட்டிருந்தேன். அதனால் காய்ச்சலோடு எழுந்த மகளுக்கு ஏழு மணிக்கு சிரப்பைக் கொடுத்து, "மிஸ் கேட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்லு கண்ணு" என்று ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டேன்.

பத்து மணிக்கெல்லாம் பள்ளியிலிருந்து போன். சிங்காநல்லூர் மில்லிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். பள்ளி ஆயாம்மா மடியில் மகள் சுருண்டு கிடந்தாள், நெற்றியில் ஈரத்துணி.

"காலைல மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களாங்க? தெரியாம மறுபடியும் குடுத்துறக் கூடாதில்லீங்க," என்றார் ஆயாம்மா.

நான் வாய் திறக்கும் முன்னே, மகள் கண்ணைத் திறக்காமலே முனகினாள்: "அம்மா ஒண்ணும் குடுக்கலீங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"குடுத்தேனுங்க," என்றேன். தலை நிமிரவில்லை.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. அவ்வளவு கொதிப்பிலும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை மட்டும் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.