மேடைக்கு முதுகு காட்டிய வெர்னீஸ்

டெட்ராய்டில் எங்கள் லாரல் தியேட்டருக்கு வராத பாடகர் கிடையாது. சோல் இசை பாடுகிறவர்கள், ராக் இசை பாடுகிறவர்கள், எல்லாரையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாப்கார்ன் கவுண்ட்டரில் வேலை. கூட்டம் உள்ளே போனதும் அரங்கத்தின் பின்கதவை ஒரு காலால் திறந்து பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். வெர்னீஸ் டில்மன் மேடைக்குப் பத்தடி தூரத்தில் நின்றாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் ஒருத்தரையும் பார்க்கவில்லை.

முன்வரிசையைக் காவல் காப்பது அவள் வேலை. அந்த இடத்தில் நிற்பவர் மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஒரு தடவை திரும்பினாலும் வேலை போய்விடும். மற்றவர்கள் தலையைச் சொறிகிற சாக்கில் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். வெர்னீஸ் மாட்டாள். ஒரு ராக் பாடகன் கிட்டாரைப் போட்டு உடைத்ததில் துண்டு தெறித்து அவள் தோளில் விழுந்தது. அதைத் தட்டிவிட்டாளே தவிரத் திரும்பவில்லை. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜனங்களின் முகத்தைப் பார்த்தே மேடையில் நடப்பதைச் சொல்லிவிடுவாள். "மூணாவது பாட்டுல அவன் முழங்கால் போட்டான் இல்ல? ரெண்டாவது வரிசைப் பொம்பளைங்க வாயை மூடவே இல்லையே" என்பாள். சரியாக இருக்கும்.

ஆனால் ஒரே ஒருத்தியை மட்டும் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. டெல்ஃபீன் ரக்கர். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் பாட ஆரம்பித்து உலகமெல்லாம் போனவள். வருஷத்துக்கு ஒரு தடவை லாரலுக்கு வருவாள். பாதி நிகழ்ச்சியில் இரண்டு செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு பாடுவாள். ஊருக்கே தெரிந்த அந்தக் காட்சி வெர்னீஸுக்கு முதுகுக்குப் பின்னால் கேட்கும் இரண்டு 'தொப்' மட்டும்தான்.

"டிவியில காட்டறாங்களேடி, பாரேன்" என்றேன் ஒருநாள்.

"என் முதுகுல மூச்சுக் காத்து படற தூரத்துல பாடினவ. அவளைப் போய்ப் பொட்டிக்குள்ளயா பாக்கச் சொல்றே? போடி."

தொண்ணூற்றைந்தில் டெல்ஃபீன் பாடுவதை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. கடைசி நிகழ்ச்சி எங்கள் தியேட்டரில், பிப்ரவரி மாதம், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. வெர்னீஸ் நேரே மேனேஜர் பிளெட்சோவிடம் போய் லீவு கேட்டாள். வாழ்க்கையில் அவள் கேட்ட முதல் லீவு.

"அன்னைக்கு முடியவே முடியாது வெர்னீஸ். நீ இல்லாம முன்வரிசையை யார் பாக்கறது?"

"அது உங்க கவலை சார்" என்றாள். டார்ச் விளக்கை மேஜைமேல் வைத்தாள், சிவப்புக் கோட்டை மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள், வெளியே வந்துவிட்டாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. டிக்கெட் விற்ற அன்று காலை ஐந்து மணிக்கே, பனியில், வீங்கின முழங்காலோடு வரிசையில் முதல் ஆளாக நின்றாள். முன்வரிசை நடுவில் இடம் கிடைத்தது.

அந்த ஞாயிறு தேவாலயத்துக்குப் போட்ட ஊதா நிற உடுப்போடு வந்து உட்கார்ந்தாள். நான் பின்கதவைப் பிடித்துக்கொண்டேன். அறிமுகப் பேச்சு முடிந்தது, விளக்கு அணைந்தது, மேடைப்பக்கம் இருட்டிலிருந்து டெல்ஃபீன் குரல் மட்டும் முதலில் வந்தது. அவ்வளவுதான், கூட்டம் எழுந்து முன்னால் ஓடியது. காவலுக்கு நின்ற புதிய ஆட்கள் இருவரும் வாயைப் பிளந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெரிசலில் ஒரு வயதான அம்மாள் கீழே விழுந்தாள்.

வெர்னீஸ் எழுந்தாள். டெல்ஃபீன் வெளிச்சத்துக்கு வந்த அதே நிமிஷத்தில் அவள் மேடைக்கு முதுகைக் காட்டிக் கையை விரித்தாள்.

"பின்னாடி போங்க. அந்தம்மாவை முதல்ல தூக்குங்க. எல்லாரும் அவங்கவங்க சீட்டுக்குப் போங்க."

கூட்டம் நின்றது. அம்மாளைத் தூக்கினார்கள். ஆனால் ஒருவரும் உட்காரவில்லை, இவள் திரும்பினால் மறுபடி பாய்வதற்குத் தயாராக நின்றார்கள். அது அவளுக்கும் தெரியும். அப்படியே நின்றாள். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. வேலையை விட்டுவிட்டு வந்தும் அதே வேலையா?

பாட்டு நின்றது.

"ஏ கண்ணு, ஊதா உடுப்பு" என்றாள் டெல்ஃபீன் மேடையிலிருந்து. "அந்தப் பிடரியை எனக்கு நல்லாத் தெரியும். எத்தனை வருஷமா அதைப் பாத்துப் பாடியிருக்கேன். மூஞ்சியை இன்னும் காட்டலையே நீ. திரும்பு."

வெர்னீஸ் அசையவில்லை. "இவங்க உக்காரட்டும்மா. அப்புறம் திரும்பறேன்."

கதவை விட்டேன். பாப்கார்ன் ஏப்ரனோடு நடுப்பாதையில் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில், அவளைப் போலவே மேடைக்கு முதுகு காட்டி நின்றேன்.

"நான் பாத்துக்கறேன். திரும்புடி."

"உனக்கு இவங்களை அடக்கத் தெரியாது, கிளாடீன்."

"என்கிட்ட பாப்கார்னுக்கு அடிச்சுக்கிட்டு வர்ற கூட்டம்தானே இது. திரும்பு."

கூட்டத்தை ஒரு முறை முறைத்தேன். முதல் வரிசை உட்கார்ந்தது, பிறகு அடுத்தது. கடைசி ஆள் உட்காரும்வரை வெர்னீஸ் காத்திருந்தாள். பிறகு திரும்பினாள்.

அப்புறம் அவள் குரல் கேட்டது.

"இவ்வளவு குட்டையா நீங்க?"

தியேட்டரே சிரித்தது. டெல்ஃபீன் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். என் முதுகுக்குப் பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம், இன்னொரு சத்தம். பாட்டு ஆரம்பித்தது.

டெல்ஃபீன் ரக்கர் கடைசியாகப் பாடியதை நான் பார்க்கவில்லை. பக்கத்தில் வெர்னீஸின் முகம் இருந்தது. அதை மட்டும் அவ்வப்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.