மீராசா காக்காவின் ‘ஓம்’

நிந்தவூர் மீராசா காக்காவிடம் வயலுக்குத் தண்ணீர் கேட்டுப் போன எவருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: “மறுகா பாப்பம்.” மறுகா என்றால் பிறகு. அந்தப் பிறகு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. வயல்காரர்கள் கூடித் தண்ணீர் பங்கிடத் தெரிவு செய்த வட்டவிதானை அவர். வாய்க்கால் கதவின் திறப்புச் சாவி இருபத்தாறு வருடமாக அவர் இடுப்பில்தான். அவர் சரியென்று ‘ஓம்’ சொன்னால்தான் கதவு திறக்கும். கடைசியில் எல்லா வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும், அது வேறு விஷயம். ஆனால் கேட்டவனைக் கொஞ்சம் காயவிடாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் அதே கூத்துத்தான். சமைக்கிற குசினிக்குக் கூரை ஓடு மாற்றச் சொல்லி மனைவி கைருன்னிஸா கேட்டு எட்டு வருடமாகிறது.

அப்படிப்பட்டவர் கல்முனையில் டொக்டர் இன்ஷாபிடமும் அதையே சொல்லிவிட்டு வந்ததில் என்ன அதிசயம்? புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், ஆண் ஓமோன் என்ற ஹார்மோனை நிறுத்த மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி, ஆசை குறையும், உடம்பு சூடேறும் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். மீராசாவின் காதில் ‘ஆண்’ என்ற சொல் மட்டும்தான் நின்றது. அறுபத்தெட்டு வயதில் பெண்சாதி முன்னால் பாதி மனிதனாக நிற்பதா? வீட்டில் வெறும் நீர்க்கடுப்பு என்று பொய் சொன்னார். ஊசிக்குப் போகவேண்டிய இரண்டு தவணை தவறியது.

மூன்றாம் தவணைக்கு டொக்டர் எழுதிய துண்டு, சேர்ட் கழுவும்போது கைருன்னிஸாவின் கையில் அகப்பட்டது. அவள் சத்தம் போடவில்லை. அபாயாவை மாட்டிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

டொக்டர் நோயையும் ஊசியையும் சொல்லி முடித்ததும் அவள் நேராகவே கேட்டாள்.

“அதென்ன தம்பி, ஓமோமா?”

ஓமோன் என்று திருத்திய டொக்டர், பிறகு சிரித்துவிட்டு, நீங்கள் சொன்னதும் பிழையில்லை என்றார். அந்த ஓமோன் சுரப்பியின் கலத்துக்குள், அதாவது செல்லுக்குள், போகும். தன்னை ஏற்கும் புரதத்தோடு சேர்ந்து மரபணுக்களிடம் போய், ‘ஓம், வேலையைத் தொடங்கு’ என்னும். மரபணு எழும்பினால் கலம் வளரும். புற்றுக் கலமும் அந்த ‘ஓம்’ கேட்டுத்தான் பெருகுகிறது. ஊசி போட்டால் ஓமோன் வற்றும், நோயும் அடங்கும்.

கைருன்னிஸா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“வீட்டுல ஒரு ஓம் சொல்லாத மனிசன்ட உடம்புக்குள்ள இவ்வளவு ஓமா?”

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பைப் புரட்டினார். மீராசாவுக்குத் தலை நிமிரவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

“ஊசி போட்டா நான் ஆம்பிளையா இருக்கமாட்டன் புள்ள.”

இத்தனை நாளும் இந்த மனிதர் தனியாகத் தூக்கித் திரிந்த பாரம் இதுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது. மேசைக்குக் கீழே அவருடைய கையைப் பிடித்தாள்.

“எனக்கு நீங்க இருந்தாக் காணும், வேறொண்டும் வேணாம்.”

இன்றைக்கே போடலாமா என்று டொக்டர் கேட்டார். பழக்கதோஷத்தில் மீராசாவின் வாய் ‘மறு’ என்று தொடங்கிவிட்டது. கைருன்னிஸாவின் விரல்கள் இறுகின.

“ஓம்,” என்றார் மீராசா. பிறகு மனைவியைப் பார்த்து மெல்லச் சொன்னார்: “குசினி ஓட்டுக்கும் ஓம்தான் புள்ள.”