தகுதி பெறக் கொடுத்த மாத்திரை

போன வருஷம் ஆடி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. ஒரகடத்தில் நான் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த உதிரிபாகக் கம்பெனியில், ஒப்பந்தம் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் அதிகம் என்றால் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு ஒரு மருந்தில் அழுத்தம் கட்டுப்படாததால், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை கொடுத்திருந்தார். தினமும் போட்ட நேரத்தை டைரியில் குறித்துவிடுவேன். அன்று ஆறே கால். அதன் பிறகுதான் படப்பையில் பஸ் ஏறினேன்.

பரிசோதனை வரிசையில் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் வழக்கம்போல எல்லோருக்கும் அழுத்தம் குறைக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டே வந்தார். பட்டையிலிருந்து பிரித்த மாத்திரை, பெயரே கிடையாது.

"நான் காலையிலேயே போட்டாச்சு. அதுலயே ரெண்டு மருந்து இருக்கு" என்றேன்.

"ரெண்டோட மூணு. இன்னா இப்போ? பிரஷர் ஏறிச்சின்னா உள்ள வுட மாட்டானுங்கண்ணே. முழுங்கு, லைன் நிக்குது!"

வேலை போய்விடும் என்ற பயத்தில் விழுங்கினேன். 'தகுதி' என்று முத்திரை விழுந்தது.

பத்தரை மணிக்குப் பிரஸ் மெஷின் முன்னால் கண் இருட்டியது. "அண்ணாச்சி, கையை எடுங்க!" என்று கத்தியபடி, பக்கத்தில் வேலை செய்த திருநெல்வேலிப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இல்லையென்றால் வலது கை மெஷினுக்குள் போயிருக்கும்.

என்னைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். என் டாக்டர் விசாரித்துவிட்டுக் கொதித்தார். "ரெண்டு மருந்தைச் சேர்க்கிறதுன்னா எது, எவ்வளவுன்னு பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறோம். உங்க அழுத்தம் போன வாரமே கட்டுக்குள்ள இருந்துச்சே! அந்த மாத்திரை இல்லாமலே நீங்க பாஸ் ஆகியிருப்பீங்க."

வெளியே சூப்பர்வைசர் தட்டச்சு செய்த தாளோடு நின்றார். 'தானாக மருந்து உட்கொண்டதால் மயக்கம்.'

"ஒரு கையெழுத்து போட்டுடுண்ணே. நாளைக்கே டூட்டிக்கு வந்துடலாம்."

"நீ கொடுத்ததுன்னு எழுதிக்கினு வா, போடுறேன்" என்றேன். அவர் எழுதவில்லை; நான் போடவில்லை. அந்த வாரமே என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் முடித்துவிட்டார்கள்.

பெயர்கூடக் கேட்காமல் விழுங்கிய என் மடத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோய்க்கு ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவனைப் பயமுறுத்தி, மயங்கி விழப்போகிறவனுக்குத் தகுதி முத்திரை குத்திய அந்தக் காலையை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.