விலாங்கு காணாமல் போன சனிக்கிழமை

என் தொழில் பல் கட்டுவது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் பல் செட் செய்து திருப்பி அனுப்புவேன். நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதாலோ என்னவோ, ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே போனில் பார்த்த வீடியோ ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. கடல் விலாங்கு இரையைக் கவ்வுவதை எக்ஸ்ரேயில் எடுத்திருந்தார்கள். வெளியே இருக்கும் வாய் மீனைக் கவ்விய உடனே, தொண்டைக்குள்ளிருந்து இன்னொரு தாடை முன்னால் வந்தது. அதற்கும் பற்கள் இருந்தன. அது மீனைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டு போனது. சோறு ஆறிப்போனது தெரியாமல் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பும்போதே, அப்படி ஒன்றை வளர்ப்பதென்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சொல்வதுதான் பாக்கி. என் மனைவி ஒரு கிளினிக்கில் நர்ஸ். எதற்கும் சட்டென்று பதறமாட்டாள்.

"பாம்பை வீட்டுக்குள்ள வைக்கப் போறீங்களா?"

"பாம்பு இல்ல. மீன்."

"பாக்க எப்படி இருக்கும்?"

"பாம்பு மாதிரி இருக்கும்."

 "ஹால்லயே வச்சுக்குங்க. மூடி மட்டும் கெட்டியா இருக்கணும்" என்றாள். அவளுக்கு அப்போது மீனை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

எங்கள் மகள் ஒரு பையனை விரும்புவதாகச் சொல்லியிருந்தாள். கூட வேலை பார்க்கிறவன், சுங்கை பூலோவில் வீடு, நல்ல பையன். இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்து சாப்பிட்டும் போயிருக்கிறான். அவர்கள் மெத்தடிஸ்ட் குடும்பம். நாங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். வேண்டாமென்று நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணம் கோயிலிலா சர்ச்சிலா என்று யாரும் வாய் திறந்து கேட்கவும் இல்லை. இரண்டு வீட்டாரும் நேரில் சந்திப்பதைச் சீனப் புத்தாண்டு கழியட்டும், பங்குனி உத்திரம் கழியட்டும், ஈஸ்டர் கழியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். அந்த மாதங்களில்தான் நான் தொட்டி கட்டினேன்.

தொட்டியைச் சுங்கை வேயில் உள்ள ஒரு கடையில் சொல்லிச் செய்தேன். ஆறடி நீளம். தண்ணீரும் பாறையும் சேர்ந்தால் ஒரு கார் அளவுக்குக் கனம். கடைக்காரர் நான் கேட்ட விலாங்கைக் காட்டவே மறுத்துவிட்டார்.

"மொதல்ல தண்ணிய வளருங்க பாஸ். மீனை அப்புறம் வளக்கலாம்."

தண்ணீரை வளர்ப்பது என்றால் என்னவென்று பிறகுதான் தெரிந்தது. வடிகட்டிய தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, அதற்கென்று விற்கும் கடல் உப்பைக் கொட்டிக் கரைத்தேன். ஹாலில் கால் வைக்க இடமில்லை. "ஊறுகா கம்பெனி ஆரம்பிச்சிட்டீங்க" என்றாள் மனைவி. தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே உள்ள தண்ணீர் மூலையில் ஒரு குழாய் வழியாக அதற்குள் விழும். அங்கே ஓர் உருளைக்குள் தூக்கி ஆற்றிய தே தாரேக் டீ மாதிரி நுரைத்து, அந்த நுரையோடு அழுக்கு பிரிந்துவிடும். சுத்தமான தண்ணீரைப் பம்ப் மறுபடி மேலே அனுப்பும். நம் ஊர் வெக்கைக்கு அதைக் குளிர வைக்க ஒரு மெஷின் வேறு.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, பாசாரில் வாங்கிய ஒரு இறாலை உள்ளே போட்டேன். அது அழுகினால்தான், மீனின் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் பெருகும். அவை பெருகாத தண்ணீரில் மீனை விட்டால், தன் கழிவின் விஷத்திலேயே அது செத்துவிடும்.

"குழம்புல போட வேண்டியதைத் தண்ணியில போட்டு அழுக வைக்கிறீங்க. உங்களை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல" என்றாள்.

ஆனால் பரிசோதனைக் குழாய்கள் வந்ததும் அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. கிளினிக்கில் அன்றாடம் செய்கிற வேலை மாதிரி இருந்திருக்க வேண்டும். காலையில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, மருந்தைச் சொட்டுவிட்டு, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பச்சை என்றால் விஷம் இருக்கிறது. மஞ்சள் என்றால் இல்லை. "இன்னும் பச்சைதான்" என்று சமையலறையிலிருந்தே சொல்வாள். வாரக்கணக்கில் அதே பதில். மகள் விஷயமும் அப்படியேதான் நின்றது. ஒரு நாள் மனைவி சத்தமே இல்லாமல் வந்து என் முன்னால் குழாயை நீட்டினாள். எலுமிச்சை மாதிரி மஞ்சள். நாங்கள் இருவரும் எதையோ பாஸ் பண்ணிவிட்ட பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டோம்.

முதலில் ஒரு குட்டிக் கெராப்பு மீன் வந்தது. பிறகு முதுகெல்லாம் விஷ முள்ளோடு, விசிறியை விரித்த மாதிரி ஒரு லயன் ஃபிஷ். கடைசியாக விலாங்கு. கட்டைவிரல் தடிமன், முழங்கை நீளம், வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக உடம்பு. வந்ததும் பாறைக்குள் போய்ப் புகுந்துகொண்டது. இறாலை நீட்டினேன், கணவாயை நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே நினைப்பாக இருந்தது. மனைவி தினமும், "புது வீடு. பயந்து போயிருக்கும். விடுங்க" என்பாள். இரண்டாவது வாரக் கடைசியில், நீளமான இடுக்கியில் நான் பிடித்திருந்த கணவாய்த் துண்டைச் சட்டென்று கவ்வி இழுத்தது. இடுக்கி வழியாக அந்த இழுப்பு என் மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது. அன்று எனக்கும் நன்றாகச் சாப்பாடு இறங்கியது.

இதற்குள் ஈஸ்டரும் முடிந்துவிட்டது. இனித் தள்ளிப் போடக் காரணம் எதுவும் மிச்சமில்லை. ஒரு சனிக்கிழமை முற்பகல் பையன் தன் அப்பா அம்மாவோடு வந்தான்.

அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. அம்மா முன்னாள் ஆசிரியை. முழங்கால் வலி என்பதால், தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். ஹைவேயில் ஜாம், வெயில், டுரியான் சீசன் என்று பேசினோம். வடை சாப்பிட்டார்கள். கேசரி நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. குளிர வைக்கும் மெஷினின் சத்தம் மட்டும் கேட்டது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பையன்தான் எழுந்து தொட்டியிடம் போனான். ஏதாவது பேச வேண்டுமே என்று போனான் என நினைக்கிறேன்.

"அங்கிள், விலாங்கு எங்க?"

"அந்தப் பெரிய பாறைக்குக் கீழ இருக்கும், பாருங்க."

"இல்லையே அங்கிள்."

போய்ப் பார்த்தேன். இல்லை. போன் விளக்கை அடித்து ஒவ்வொரு பொந்தாகத் தேடினேன். மூடி சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடல் விலாங்கு விரல் நுழைகிற இடைவெளி கிடைத்தாலும் வெளியே போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வெளியே போனால் காய்ந்து செத்துவிடும். அதற்கு முன் மிதிபட்டால் கடிக்கும். ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க?"

"விலாங்கைக் காணோம்."

பையனின் அப்பா தன் இரண்டு காலையும் தரையிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த நிமிஷம் வீடே அமர்க்களமானது. மனைவி துடைப்பத்தோடு சமையலறைப் பக்கம் போனாள். மகளும் பையனும் செருப்பு ஷெல்ஃபை நகர்த்தினார்கள். நான் டிவி மேஜைக்குப் பின்னால் தலையை விட்டேன். திரும்பிப் பார்த்தால், பையனின் அப்பா வெள்ளைச் சட்டையோடு தரையில் முட்டி போட்டு சோபாவுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க எழுந்திருங்க சார்" என்றேன். "இருக்கட்டும் சார். உயிரு இல்லையா" என்றார். அவர் வந்ததிலிருந்து சொன்னவற்றில், யோசிக்காமல் சொன்னது அதுதான்.

பையனின் அம்மா மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அண்ணே, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்றார். எல்லாரும் நின்றோம். "கீழ இருக்கிற அலமாரிக்குள்ள ஏதோ முட்டுது."

கதவைத் திறந்தேன். சின்னத் தொட்டியில், நுரை உருளைக்கு அடியில், சுருண்டு கிடந்தது. தலையைத் தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடியது. அது மூச்சு விடும் விதமே அப்படித்தான். மேலே மூலையில் குழாய் வாயில் பொருத்தியிருந்த சல்லடையைத் தலையால் தள்ளிவிட்டு, தண்ணீரோடு தண்ணீராகக் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு கீறல் இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கையால் பிடிக்க முடியாது. கொல்லையில் கிடந்த ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைக் கழுவிக்கொண்டு வந்து தண்ணீருக்குள் வைத்தேன். இடுக்கு என்றால் தானாகப் போய் நுழைந்துகொள்ளும் பிராணி. ஆனால் உடனே நுழையவில்லை. பையனின் அப்பா என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"விரட்டாதீங்க சார். அதுவா வரட்டும்."

மனைவி ஒரு துண்டோடு வந்து உட்கார்ந்தாள். எல்லாரும் அந்தத் திறந்த அலமாரிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படியே, தலையைத் திருப்பாமல், பையனின் அப்பா சொன்னார்:

"சார், சர்ச்சுலதான் கல்யாணம் வைக்கணும்னு சொல்லணும்னுதான் வந்தோம். கார்ல வரும்போதெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு பேசிப் பாத்துக்கிட்டே வந்தேன்."

மனைவியும் விலாங்கைப் பார்த்தபடியே, "நாங்களும் கோயில்லதான் தாலி கட்டணும்னு சொல்லத்தாண்ணே உக்காந்திருந்தோம்" என்றாள்.

 நாற்காலியிலிருந்து பையனின் அம்மாவின் குரல் வந்தது.

"பாஸ்டரைப் போய்ப் பாத்தேன். ரெஜிஸ்டர் பண்ணிட்டு வந்தாங்கன்னா, ஒரு நாள் சர்ச்சுல நிக்க வச்சு ஜெபம் பண்ணி ஆசீர்வாதம் குடுக்கிறேன்னாரு. எனக்கு அது போதும்."

அவர் கணவர் அப்போதுதான் தலையைத் திருப்பினார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"தாலி?" என்றாள் என் மனைவி, மெதுவாக.

அந்த அம்மா சேலைக்குள்ளிருந்து தன் சங்கிலியை எடுத்துக் காட்டினார். சிறிய பொன் தாலி. அதன் நடுவில் ஒரு சிலுவை. "எங்கம்மாவும் போட்டிருந்தாங்க சிஸ்டர். கோயில்ல கட்டுற அன்னைக்கு நாங்க வந்து முன் வரிசையில உக்காந்துக்கிறோம். விபூதி மட்டும் பூசச் சொல்லாதீங்க."

"யாரும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள் மனைவி. 

மகள் சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் பையனின் அப்பா என் தோளைத் தொட்டார்.

"போகுது சார், போகுது."

தலை, பிறகு உடம்பு, பிறகு வால். முழுசாகக் குழாய்க்குள் போய்விட்டது. நான் ஒரு முனையில் வலையை வைத்து அடைத்தேன். அவர் மறுமுனையில் துண்டை வைத்து அழுத்தினார். இருவரும் ஒன்றாக எழுந்து, பையன் திறந்து பிடித்த மூடி வழியாகக் குழாயைப் பெரிய தொட்டிக்குள் இறக்கினோம். உப்புத் தண்ணீர் அவர் கை வழியாக இறங்கி அந்த வெள்ளைச் சட்டையை நனைத்தது. விலாங்கு வெளியே வந்து, எங்களை ஒரு தடவை பார்த்த மாதிரி இருந்தது, பிறகு தன் பாறைக்கடியில் போய்விட்டது. கெராப்பு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. சல்லடையை அப்போதே கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டினேன். அவர்தான் விளக்குப் பிடித்தார்.

மாற்றிக்கொள்ள என் சட்டை ஒன்றைக் கொடுத்தோம். அவருக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. கவலைப்படவில்லை, அதைப் போட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். மீன் குழம்பு பரிமாறியபோது, "இது அதில்லையே?" என்று கேட்டார். அவர் மனைவி சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கிளம்பும்போது பையனின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வரேன் சம்பந்தி. சட்டைய துவைச்சுக் குடுத்து அனுப்புறேன்லா" என்றார். காலையில் நான் அவருக்கு வெறும் சார்.

அவர்கள் கார் முனை திரும்பியதும் மனைவி உள்ளே வந்து சோபாவில் காலை நீட்டினாள். மிச்சமிருந்த கேசரியைக் கிண்ணத்தோடு மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் சாப்பிட்டாள்.

"மாசக்கணக்கா வயித்துல கல்லு கெடந்த மாதிரி இருந்துச்சுங்க."

"இப்ப?"

"இப்பப் பசிக்குது" என்றாள். கேசரியை முடிக்காமலேயே அவளுக்குக் கண் சொருகியது. கிண்ணத்தை மெல்ல எடுத்து வைத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி கிடக்கிறது என்று தெரிந்தும் எழுந்திருக்க மனமில்லை. மகள் மூன்று கப் டீயோடு வந்தாள். அம்மா தூங்குவதைப் பார்த்ததும் சத்தமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது டீயை நாங்களே பங்கு போட்டுக்கொண்டோம்.