கொடி வெட்டிய காலை

காலை ஏழேகால். பாயிலிருந்து எழுந்து வெளியே வந்தபோது முதலில் கண்டது விறாந்தையில் அடித்த வெயில். முந்தின நாள்வரை அங்கே நிழல்தான்.

யாழ்ப்பாணத்தில் திராட்சைத் தோட்டம் செய்த அப்பா, இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் வந்தபோது ஒரு சாக்கு நிறையக் கொடித்தடி கொண்டுவந்தார். முதலில் கொடிக்குக் கப்புத் தூண்கள் நட்டார்; வீடு பிறகுதான். இரண்டு அறைக்கும் சமைக்கிற குசினிக்கும் மண்சுவர், கிடுகுக் கூரை. விறாந்தைக்குக் கூரை கிடையாது. எட்டுப் பாலைமரக் கப்பில் கம்பி இழுத்துப் படரவிட்ட கொடிதான் கூரை. அதன் உயரம் அப்பாவின் கைக்கு அளவானது. நெடிய விருந்தாளிகள் எங்கள் வீட்டில் பணிவாகத் தெரிவார்கள்.

அன்று பத்து மணிக்கு அக்காவைப் பெண்பார்க்க வருகிறார்கள். அப்பா விடியவே எழுந்து கொடியை இலையில்லாமல் வெட்டியிருந்தார்.

“பொம்பிளை பாக்க வாற நாளிலயோ வீட்டைக் கழட்டுறியள்?” என்றார் அம்மா.

“இண்டைக்கு வெட்டாட்டி இந்தப் போகம் போச்சு. மாப்பிள்ளை இன்னொரு நாளும் வரலாம்.”

அம்மா கம்பியில் இரண்டு சேலைகளைக் கட்டி நிழல் செய்தார். மாப்பிள்ளையின் தகப்பன் சேலை முடிகிற இடத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்தார். வெட்டிய கொடி நீர் வடிக்கும். அது அவருடைய வழுக்கையில் சொட்டியது. மூன்றாவது சொட்டில் நிமிர்ந்தார்.

“ஆர் இதை வெட்டினது?”

“நான்தான்,” என்றார் அப்பா.

“முளைக்கண்ணோட ஒட்ட வெட்டிப்போட்டியள். நான் ஊரில நூறு கொடி வச்சிருந்தனான்.”

“ரெண்டு விரல் தள்ளித்தான் வெட்டியிருக்கு. ஏறி மேல்பக்கம் பாருங்கோ.”

ஏறினார். கதிரை ஆடியது. மாப்பிள்ளை ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்தார். அக்கா தேநீர்த் தட்டோடு வந்து முன்னால் நின்றாள். மாப்பிள்ளையால் கதிரையிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. தலைக்கு மேலே சண்டை சூடுபிடித்தது. நான் குசினிக்கு ஓடி, கலியாணம் குழம்பிவிட்டது என்று அறிவித்தேன். அம்மா அழத் தொடங்கினார்.

போகும்போது அவர்கள் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நடுவதற்கென்று தகப்பன் பத்துத் தடி கேட்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்.

நான்காம் நாள் மாப்பிள்ளை சைக்கிளில் தனியே வந்தார். தடி ஒன்றும் துளிர்க்கவில்லை, வேறு வேண்டும் என்றார். அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். தடி தெரிந்தெடுக்க நெடுநேரம் பிடித்தது. எட்டாம் நாளும் வந்து அதையே சொன்னார். நூறு கொடி வைத்திருந்தவரின் மகனுக்குக் கைராசி இல்லையே என்று நான் இரங்கினேன்.

திராட்சைத் தடி துளிர்க்க இருபது நாளாவது ஆகும்.